எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, குறைப்பதா? க்ரோன் நோய் பற்றி ஒரு சகோதரிக்குப் பதில்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் க்ரோன் நோய் இருப்பதாகச் சென்ற ஆண்டு கண்டறிந்தார்கள். அவனுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தைக் குறிப்பிட்ட வார இடைவெளிகளில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். வயிற்றுவலியும் பேதியும் நின்றுவிட்டன, எடையும் கூடியிருக்கிறது. ஆனால் இந்த மருந்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். அதை நிறுத்திவிட்டு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரைகளைக் கொடுக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நலமாக இருப்பவனுக்கு இந்த மருந்து இன்னும் தேவையா? இந்த நோய் எனக்கோ, பிறகு என் பிள்ளைகளுக்கோ வருமா? ஓர் ஆராய்ச்சிக்காக அவனுடைய குடல் திசுவையும் இரத்தத்தையும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் உடனடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு மருந்து ஏற்றவேண்டிய அடுத்த நாளைத் தவறவிடாதீர்கள். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, என்றாவது நிறுத்துவதா என்பதெல்லாம் பரிசோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு அவருடைய மருத்துவரோடு பேசி எடுக்கவேண்டிய முடிவுகள். அச்சத்தால் வீட்டிலேயே அந்த முடிவை எடுத்துவிட்டால், இழந்த நிலையைத் திரும்பப் பெறுவது பல நேரங்களில் கடினமாகிவிடுகிறது. குடல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராகவும், குடலின் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டிருப்பவராகவும் இதைச் சொல்கிறேன்.

உங்கள் உறவினர்களின் யோசனைக்குப் பின்னால் நல்லெண்ணம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. உடலுக்குள் எதிர்ப்பு சக்தி என்று ஒன்று இருக்கிறது, அது கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற எண்ணத்திலிருந்து அந்த யோசனை பிறக்கிறது. குடலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பொருந்தவே பொருந்தாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் மருந்தைப் பற்றிய உங்கள் பயத்தில் பெரும்பகுதி தானாகவே விலகும், மீதமுள்ள பகுதி எதைக் கவனிக்கவேண்டும் என்ற தெளிவாக மாறும்.

நம் குடலுக்குள், அதிலும் பெரும்பாலும் பெருங்குடலுக்குள், வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நம் உடலில் உள்ள செல்களின் எண்ணிக்கைக்குச் சமம் என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. அதாவது பல லட்சம் கோடி. இவ்வளவு பெரிய கூட்டத்தையும் நம் இரத்த ஓட்டத்தையும் பிரித்து நிற்பது ஒரே ஒரு செல் கனமுள்ள படலமும், அதன்மேல் படர்ந்திருக்கும் சளியும்தான். அந்தப் படலத்தின் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. உணவின் சத்துகள் அதன் வழியாக உள்ளே வந்தாகவேண்டும் என்பதால் அதைத் தடித்த சுவராக உடல் கட்டிக்கொள்ளவும் முடியாது. படலத்திற்கு அடியில், ஏராளமான எதிர்ப்பு செல்கள் கூடி நிற்கின்றன. அங்குள்ள செல்கள் நாள்தோறும் சில கிராம் அளவுக்கு ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்து குடலுக்குள் அனுப்புகின்றன. அது பாக்டீரியாக்களைப் பற்றிக்கொண்டு, படலத்தை நெருங்கவிடாமல் செய்கிறது. சிறுகுடல் மடிப்புகளின் அடியில் இருக்கும் பானெத் செல்கள் கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன.

இத்தனை ஏற்பாடுகளும் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருந்தாலும், ஆரோக்கியமான குடலில் அழற்சி ஏற்படுவதில்லை. நாள்தோறும் உணவின் வழியே வரும் அந்நியப் புரதங்களையும், பிறந்த நாளிலிருந்து கூடவே வாழும் பாக்டீரியாக்களையும் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண்கிறது, கண்டும் பொறுத்துக்கொள்கிறது. இந்தப் பொறுமை செயலற்ற நிலை அன்று. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற ஒரு பிரிவு, மற்ற எதிர்ப்பு செல்களைத் தொடர்ந்து அடக்கி வைத்திருப்பதால்தான் அது நிலைக்கிறது. இத்தகைய செல்கள் இருப்பதை 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி தெளிவாக எடுத்துக்காட்டினார். அவருக்கும், இந்தச் செல்களின் உருவாக்கத்திற்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு முதலில் தோன்றும் தொல்லைகளுள் ஒன்று, நிற்காத வயிற்றுப்போக்கு. அடக்கும் செல்கள் இல்லாமற்போனால் உடல் முதலில் தடுமாறும் இடங்களுள் ஒன்று குடல் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

உங்கள் தம்பியின் நோயில் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிறது என்று மருத்துவர் சொன்னது, சுருக்கமாகப் புரியவைப்பதற்காகச் சொன்னது. இன்னும் துல்லியமாகச் சொல்வதானால், அது பெரும்பாலும் குடலில் வாழும் பாக்டீரியாக்களை நோக்கியே பாய்கிறது. நடுவில் இருக்கும் குடல் திசு புண்ணாகிறது. இதை நிறுவிய சோதனைகள் எலிகளில் செய்யப்பட்டவை. எதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தை உண்டாக்க முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி தானாகவே வருவதை 1993-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே எலிகளை எந்தக் கிருமியும் இல்லாத சூழலில் பிறக்கவைத்து வளர்த்தபோது அழற்சி வரவில்லை. அடக்கி வைக்கும் ஏற்பாடு குலைந்திருப்பதும் பாக்டீரியாக்கள் இருப்பதும் ஒன்று சேர்ந்தால்தான் நோய். அதே காலகட்டத்தில் ஆய்வாளர் ஃபியோனா பவ்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும், டி, பி என்னும் எதிர்ப்பு செல்கள் இல்லாத எலிகளுக்கு டி செல்களில் ஒரு பிரிவை மட்டும் செலுத்தினால் குடல் அழற்சி வருவதையும், ஒழுங்குபடுத்தும் பிரிவையும் சேர்த்துச் செலுத்தினால் அது வராமல் போவதையும் காட்டினார்கள்.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தியது. பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சியால் வதைபட்ட சில குழந்தைகளுக்கு, இன்டர்லூகின்-10-இன் சமிக்ஞையைப் பெறும் ஏற்பியின் மரபணுவில் பழுது இருப்பது 2009-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவர்களில் ஒரு குழந்தைக்கு எதிர்ப்பு செல்களையும் உண்டாக்கும் இரத்த மூலசெல்களை வேறொருவரிடமிருந்து பெற்றுப் பொருத்தியபோது நோய் அடங்கியது. குடலை யாரும் தொடவில்லை. எதிர்ப்பு செல்கள் மாறியதும் குடல் ஆறியது. ஆய்வகத்தில் ஓர் எலியிடம் தொடங்கிய கேள்வி பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் இந்தத் துறையில் இருப்பது குறித்து எனக்கு மனநிறைவு உண்டாகிறது. உங்கள் தம்பியின் நோய் அத்தகைய ஒற்றை மரபணுப் பழுதால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 23 வயதில் தொடங்கும் க்ரோன் நோய் பல காரணங்கள் கூடிவருவதால் உண்டாவது. ஆனால் இயங்குமுறையின் அடிப்படை ஒன்றுதான்.

இதோடு கதை முடிந்திருந்தால், எதிர்ப்பு மண்டலம் மிகையாகிவிட்டது, குறைத்தால் போதும் என்று சொல்லிவிடலாம். அது அவ்வளவு எளிதன்று என்பதை 2001-ஆம் ஆண்டு கற்பித்தது. க்ரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவாக நாட்2 என்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அந்த ஆண்டு கண்டறிந்தன. பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள ஒரு சிறு மூலக்கூறை உணர்வது அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் வேலை. க்ரோன் நோயாளிகள் சிலரிடம் காணப்படும் மாற்றங்கள் அந்த உணர்திறனைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றன. அதாவது, சிலரிடம் இந்த நோயின் தொடக்கம் ஒரு பலவீனம். முதல் நிலைக் காவல் பாக்டீரியாவைச் சரியாக உணர்ந்து அகற்றத் தவறுகிறது. தப்பியவை திசுவுக்குள் நுழைகின்றன. அவற்றை எதிர்க்க இரண்டாம் நிலைச் செல்கள் திரண்டு வந்து, அடங்காத அழற்சியை உண்டாக்குகின்றன என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். ஒரே நோயாளியின் ஒரே குடலில் ஒரு பகுதி போதாமலும் இன்னொரு பகுதி மிகையாகவும் இருக்கக்கூடும்.

இதற்கு மருத்துவப் பரிசோதனையிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். க்ரோன் நோயாளிகளின் குடலில் இன்டர்லூகின்-17 என்ற அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டு, அதைத் தடுக்கும் செக்குகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். சொரியாசிஸ் என்னும் தோல் நோயில் நன்கு வேலை செய்யும் அந்த மருந்து, க்ரோன் நோயில் பலனளிக்கவில்லை என்பதும், சிலருக்கு நோயைக் கூட்டியது என்பதும் 2012-இல் வெளியான முடிவில் தெரிந்தன. குடல் படலத்தைக் காப்பதில் அந்தப் புரதத்திற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே பாதையில் சற்று மேலே இருக்கும் இன்டர்லூகின்-23-ஐத் தடுக்கும் மருந்துகள் க்ரோன் நோயில் நல்ல பலன் தருகின்றன. எந்தச் சமிக்ஞையைத் தொடுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இப்படியிருக்க, எதிர்ப்பு சக்தி முழுவதையும் பொதுவாகக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு மாத்திரை எந்தச் செல்லை, எந்தப் புரதத்தை, எவ்வளவு கூட்டுகிறது என்று அதை விற்பவரால் சொல்ல முடியாதபோது, அழற்சியுள்ள குடலுக்கு அதைக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது. ஒருவேளை அது ஒன்றுமே செய்யாமலிருக்கலாம். உண்மையிலேயே எதிர்ப்பு செல்களைத் தூண்டுமானால், உங்கள் தம்பிக்கு அது தீங்கு.

ஆனால் உண்மையான குறைபாடுகளை ஈடுசெய்வது வேறு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுகிறது. அங்கே நோய் இருப்பவர்களுக்கு அது குறையலாம். இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைவது சாதாரணம். இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் அவற்றைக் கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

இனி மருந்துக்கு வருகிறேன். அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளில் முக்கியமான ஒன்று டிஎன்எஃப் என்னும் புரதம். இன்ஃப்ளிக்சிமாப் அந்த ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப் புரதம். 1998-இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்ற இது, இந்த நோய்க்கான பயாலஜிக் மருந்துகளில், அதாவது உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் புரத மருந்துகளில், முதலாவது. அதற்கு முன் எங்கள் கையில் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்துகளும், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் அசாதயோபிரின் போன்றவையும், அறுவை சிகிச்சையுமே இருந்தன. ஸ்டீராய்டு, தீவிர நிலையைத் தணிக்கப் பயன்படுகிறது. ஆனால் நீண்டகாலம் நோயைக் கட்டுக்குள் வைப்பதில்லை, எலும்பையும் தோலையும் கண்ணையும் கெடுக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தைப் பரவலாகத் தாக்கும் மருந்து என்று பயப்படுவதானால், நீண்டநாள் ஸ்டீராய்டுக்குத்தான் முதலில் பயப்படவேண்டும்.

டிஎன்எஃப் தடுப்பு மருந்துக்கு ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. காசநோய்க் கிருமி பலரின் உடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது; எதிர்ப்பு செல்கள் அதைச் சிறு முடிச்சுகளுக்குள் அடைத்து வைத்திருக்கின்றன. அந்த முடிச்சு குலையாமல் இருப்பதற்கு டிஎன்எஃப் தேவை. எனவே இந்த மருந்து தொடங்கியபின் உறங்கிய காசநோய் விழித்துக்கொள்ளலாம் என்பது 2001-லேயே தெளிவாகப் பதிவுசெய்யப்பட்டது. மருந்து தொடங்கும் முன் இரத்தம் அல்லது தோல் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பதும், இவ்வாறே விழித்துக்கொள்ளக்கூடிய ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளதா என்று பார்ப்பதும் இதனால்தான் கட்டாயம். உங்கள் தம்பிக்கு இவை செய்யப்பட்டனவா என்று கோப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு: குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒரே இடத்தில், ஒரே விதமான புண்களோடு தோன்றக்கூடியவை. காசநோய் அதிகமுள்ள நாடுகளில் வாழ்பவர்களிடம் இந்த இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் மிகுந்த சிரமம் எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சையில் இவ்வளவு நன்றாகத் தேறியிருப்பது நோய் சரியாகவே கண்டறியப்பட்டிருப்பதற்கு ஆதரவான குறி.

மற்ற தொற்றுகளின் வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது. விடாத காய்ச்சல், இருமல், இரவில் வியர்த்துக்கொட்டுதல், விளக்கமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்கவேண்டும். உயிருள்ள கிருமிகளை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசிகளைத் தவிர்க்கவேண்டும்; மற்றத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். இன்ஃப்ளிக்சிமாபோடு அசாதயோபிரினும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது. அதே நேரத்தில், இளம் ஆண்களிடம் கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கும் மிக அரிதான ஒருவகை லிம்போமா புற்றுநோய் இந்தச் சேர்க்கையோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. எத்தனை காலம் இரண்டையும் சேர்த்துத் தருவது என்பதை மருத்துவர் அதனால்தான் இடையிடையே மறுபரிசீலனை செய்கிறார்.

இந்த ஆபத்துகளை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. மருந்தின் ஆபத்தை, நோயே இல்லாத உடலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிடவேண்டியது, மருந்தில்லாத க்ரோன் நோயோடு. கட்டுப்படாத அழற்சி குடல் சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவுகிறது. தழும்பு விழுந்து குடல் குறுகி அடைத்துக்கொள்ளலாம்; புண் ஆழமாகிப் பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ துளை விழலாம்; வயிற்றுக்குள் சீழ் கட்டலாம். தழும்பாகிவிட்ட குடலை எந்த மருந்தாலும் மீட்க முடியாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். அழற்சி நிலையிலேயே பிடித்துவிட்டால் அந்தக் கட்டம் வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் புதிதாகக் கண்டறியப்பட்ட 386 க்ரோன் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாபும் அசாதயோபிரின் போன்ற துணை மருந்தும் பெற்றவர்களில் 79 சதவீதத்தினர் 48 வாரம் வரை மீண்டும் ஸ்டீராய்டோ அறுவை சிகிச்சையோ தேவைப்படாமல் நலமாக இருந்தார்கள். எளிய மருந்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றப்பட்டவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 15 சதவீதத்தினர் மட்டுமே. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளியை அடிக்கடி காண முடியாது. உங்கள் தம்பிக்கு முதல் ஆண்டிலேயே இந்த மருந்தைத் தந்த மருத்துவர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம்.

சரி, இப்போது நலமாக இருக்கிறாரே, இனியும் எதற்கு என்ற கேள்வி மீதமிருக்கிறது. க்ரோன் நோயில் அறிகுறிகளும் குடலின் உண்மை நிலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வலி நின்றபிறகும் உள்ளே புண்கள் நீடிப்பதை, குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் நாங்கள் பார்க்கிறோம். ஆகவே அவர் நலமாக உணர்வதோடு நிறுத்தாமல், குடல் உண்மையில் ஆறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைக் கண்டறியும் எளிய பரிசோதனை இதற்குப் பெரிதும் உதவுகிறது. குடல் சுவருக்கு வந்துசேரும் வெள்ளை அணுக்களிலிருந்து வெளிப்படும் புரதம் அது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு, தேவைப்படும்போது ஸ்கேன், கொலோனோஸ்கோபி ஆகியவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

எல்லாமே நன்றாக இருந்தாலும் நிறுத்தலாமா? பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்தது ஓராண்டு சிகிச்சை பெற்று, ஸ்டீராய்டு இல்லாமல் ஆறு மாதங்களாவது நலமாக இருந்த 115 க்ரோன் நோயாளிகளிடம் இன்ஃப்ளிக்சிமாபை மட்டும் நிறுத்திவிட்டு, துணை மருந்தைத் தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அதே மருந்தை மீண்டும் தொடங்கியபோது பலன் கிடைத்தது என்பது ஆறுதலான செய்தி. இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, நெருங்கிய கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம். திட்டமில்லாமல் ஓரிரு தவணைகளை விட்டுவிட்டு, பிறகு பயந்துபோய் மீண்டும் தொடங்குவது இதிலிருந்து முற்றிலும் வேறானது. இன்ஃப்ளிக்சிமாப் ஒரு புரதம் என்பதால், இடைவெளி விழும்போது உடல் அதற்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கக்கூடும். அப்போது மருந்து பலனிழக்கிறது; ஏற்றும்போது ஒவ்வாமையும் நேரலாம். மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், எதிர்ப்பு செல்கள் குடலுக்குள் நுழைவதை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் போன்ற, பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும் மருந்துகளும் இன்று உள்ளன. தொற்று பற்றிய அச்சம்தான் உங்களை வாட்டுகிறது என்றால் அதைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மாற்றுவதா என்பது அவர் உங்கள் தம்பியின் நிலையைப் பார்த்துச் சொல்லவேண்டியது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை மாற்ற நான் தயங்குவேன்.

அவர் புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். க்ரோன் நோயைக் கூட்டுவதாகவும், அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பவரச் செய்வதாகவும் உறுதியாகத் தெரிந்திருக்கும் பழக்கம் இது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

பரம்பரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குடல் அழற்சி நோய்களோடு தொடர்புடையவையாக மனித மரபணுத் தொகுப்பில் 200-க்கும் மேற்பட்ட இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் வாய்ப்பை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. முன்பு சொன்ன நாட்2 மாற்றங்கள் இருப்பவர்களில்கூடப் பெரும்பான்மையோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளின் க்ரோன் நோயாளிகளிடம் அந்த மாற்றங்கள் அநேகமாகக் காணப்படுவதே இல்லை. ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு க்ரோன் நோய் இருந்தாலும், மற்றவருக்கு வராமலிருப்பதே அதிகம். நோயாளியின் உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான்; ஆனாலும் உங்களுக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம். உங்கள் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு இன்னும் குறைவு. அறிகுறி இல்லாத நிலையில் மரபணுப் பரிசோதனையோ கொலோனோஸ்கோபியோ உங்களுக்குத் தேவையில்லை. சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பேதி, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு வந்தால் மட்டும், தம்பிக்கு இந்த நோய் இருப்பதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

தம்பிக்கு நோய் வந்ததற்கு வீட்டில் யாரேனும் தங்களையே நொந்துகொண்டிருந்தால், அதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்று சொல்லுங்கள். தொழில்மயமாகிவரும் நாடுகளில் இந்த நோய் பெருகிவருவதால், சூழலுக்கும் உணவுமுறைக்கும் சிறுவயதில் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் பங்கு இருக்கவேண்டும் என்று கருதுகிறோம். ஆனால் ஒருவரிடம் இதனால்தான் வந்தது என்று சுட்டிக்காட்டுவது இயலாது.

கடைசியாக ஆராய்ச்சி. முன்பு குடல் திசுவை மெல்லியதாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதோடு நின்றோம். இன்று கடுகளவுத் திசுவிலிருந்து ஆயிரக்கணக்கான செல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படிக்க முடிகிறது. குடலின் மூலசெல்லிலிருந்து, மடிப்புகளோடு கூடிய நுண்ணிய குடல் உருவங்களை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் முறையை 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் உருவாக்கியது. ஒரு நோயாளியின் குடல் படலத்தையே வெளியில் வளர்த்துச் சோதிக்க அது வழிவகுத்திருக்கிறது. ஒருவருக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து பலனளிக்கிறது, இன்னொருவருக்கு அளிப்பதில்லை. யாருக்கு எது பலனளிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்றுவரை எங்களிடம் இல்லை. அதைத் தேடுவதற்கு, மருந்து பலித்தவர்களின் திசுவும் பலிக்காதவர்களின் திசுவும் வேண்டும். இந்தத் துறையில் நான் மிகவும் விரும்பி எதிர்பார்க்கும் விடை அதுவே. உங்கள் தம்பி போன்றவர்கள் மனமுவந்து தராமல் அது கிடைக்காது.

ஆகவே கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் முடிவு அவருடையது, வீட்டாருடையதும் அன்று, மருத்துவருடையதும் அன்று. கையொப்பமிடும் முன் ஒப்புதல் படிவத்தை அவர் முழுவதும் படிக்கவேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வா, திசுவும் மரபணுத் தகவலும் எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும், பெயர் நீக்கப்படுமா, வேறு நிறுவனங்களோடு பகிரப்படுமா, பாதியில் விலகினால் எடுத்த மாதிரிகளை என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலும் அவருடைய சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. இந்த ஆய்விலிருந்து அவருக்கு நேரடிப் பலன் எதுவும் கிடைக்க வாய்ப்பில்லை என்பதையும் தெரிந்தே சம்மதிக்கவேண்டும். சிகிச்சைக்காக எப்படியும் செய்யவிருக்கும் கொலோனோஸ்கோபியின்போது கூடுதலாகச் சில துணுக்குகளை எடுப்பதால் கூடும் ஆபத்து மிகச் சிறியது. ஆய்வுக்காக மட்டும் தனியாக ஒரு கொலோனோஸ்கோபி செய்யவேண்டும் என்றால், அதற்கான காரணத்தையும், குடலில் துளை விழுதல், இரத்தக்கசிவு ஆகிய அரிய ஆபத்துகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்தபிறகு, சில நாள்கள் அவகாசம் எடுத்துக்கொண்டு அவர் பதில் சொல்லட்டும்.